சிட்டி கோல்ஃப்ல 400 குதிர: எந்த டர்போ?

கேள்வி, 2023 பிப்ரவரி 11

அண்ணா வணக்கம். என்கிட்ட சிட்டி கோல்ஃப் (ஃபோக்ஸ்வேகன் மார்க் 1 கோல்ஃபோட தென்னாப்பிரிக்கப் பேரு) இருக்கு, உள்ள மார்க் 4 ஜிடிஐயோட 1.8டி எஞ்சின் (1.8 லிட்டர் டர்போ) மாத்தி வெச்சது, டர்போ கம்பெனியோட சின்ன கே03தான். என் மாமா பையன் ஒரு பெரிய ஜிடி3582ஆர் டர்போ சும்மாவே தரேங்கறான். அவன் கார் 400 குதிர பவர், எனக்கும் 400 வேணும். தினமும் வேலைக்கு ஓட்டற கார். 93 பெட்ரோல்தான் (ஆக்டேன் 93) போடறேன். ஓடுமா? கூட வேற என்னெல்லாம் மாத்தணும்?

பிப்ரவரி 11, ராத்திரி

சும்மா வர்ற டர்போவ வேணாம்னு சொல்ல யாருக்கும் மனசு வராது, தெரியும். ஆனா 1.8 லிட்டர் எஞ்சினுக்கு ஜிடி35ங்கறது சின்னப் பையன் அப்பாவோட செருப்ப மாட்டிக்கிட்டு நடக்கற கத. டர்போவோட சக்கரத்த திருப்பற அளவுக்கு எக்ஸாஸ்ட் வர்றதுக்குள்ள 4500, 5000 ஆர்பிஎம் ஆயிடும், அது வரைக்கும் உன் கார் பழைய கார்பரேட்டர் கோல்ஃப விட சோம்பேறியா நிக்கும், அப்புறம் ஒரே அடியா அடிக்கும், முன் சக்கரம் ரெண்டும் சும்மா சுத்தும்.

டர்போவ பேர வெச்சு பாக்காத, காத்த வெச்சு பாரு. பெட்ரோல் எஞ்சின்ல 400 குதிர வேணும்னா நிமிஷத்துக்கு சுமார் 44 பவுண்டு காத்து உள்ள போகணும். எப்படின்னா 400ஐ காத்து-எரிபொருள் விகிதம் 12ஆல பெருக்கி, ஒரு குதிரைக்கு மணிக்கு 0.55 பவுண்டு பெட்ரோல்னு அதால பெருக்கி, 60ஆல வகுத்துரு. இப்ப இந்த 44 பவுண்ட 1781 சிசிக்குள்ள 7000 ஆர்பிஎம்ல திணிக்க மேனிஃபோல்டுக்குள்ள (எஞ்சினுக்கு காத்து போற குழாய்) 45 பிஎஸ்ஐ அழுத்தம் வேணும், வெளிக்காத்தையும் சேத்து. அதுல கடல் மட்டத்து 14.7 போனா 30 சொச்சம், அதாவது வெளிக்காத்துக்கு மேல 2.1 பார், அதத்தான் பூஸ்ட்ங்கறது. இன்டர்கூலர்ல (அழுத்துன காத்த குளுர வெக்கறது) ஒரு 2 பிஎஸ்ஐ போகும், ஃபில்டர்ல அர போகும், எல்லாம் சேத்து கம்ப்ரசர், அதான் டர்போல காத்த அழுத்தற பக்கம், காத்த 3.3 மடங்கு அழுத்தணும். இந்த ரெண்டு நம்பரத்தான், 44ம் 3.3ம், டர்போ கம்பெனி குடுக்கற கம்ப்ரசர் வரைபடத்துல புள்ளி வெச்சு பாக்கணும்.

ஜிடி3076ஆர் டர்போ போடு, 0.63 ஹவுசிங்கோட (எக்ஸாஸ்ட் பக்கத்து உறையோட அளவு). எடுத்து முடி. என் கார்ல 2019லேந்து அதுதான், 1.6 பார்ல 340 கிட்ட வருது, இன்னும் இடம் இருக்கு.

பிப்ரவரி 12

காலைல காப்பி குடிக்கறப்பதான் ஞாபகம் வந்துச்சு, ராட் பத்தி ஒரு வார்த்த சொல்லல. கம்பெனி கனெக்டிங் ராடோட (பிஸ்டன கிராங்கோட சேக்கற தண்டு) 400 பக்கம் போகாத. குதிர அத வளைக்கறதில்ல, டார்க்தான் (திருப்பற விசை) வளைக்குது, அதுவும் 3500 ஆர்பிஎம்ல திடீர்னு வர்ற டார்க். எனக்கு தெரிஞ்ச ஒருத்தன் கே04ங்கற கொஞ்சம் பெரிய டர்போ போட்டு சாஃப்ட்வேர்ல கீழ்ப்பக்கம் பூஸ்ட ஏத்திட்டான், கார் நல்லா ஓடுச்சு, ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சிலிண்டர்ல மட்டும் கம்ப்ரஷன் கம்மி. தொறந்து பாத்தா அந்த பிஸ்டன் மத்த மூணையும் விட கொஞ்சம் கீழ நிக்குது. உடையல, வளஞ்சு நின்னுருச்சு, அவனுக்கு நேரம் நல்லாருந்துச்சு. ஃபோர்ஜ்டு ராட் வாங்கறப்ப உன் எஞ்சின்ல பிஸ்டன் பின் 19 மில்லிமீட்டரா 20ஆன்னு பாத்து வாங்கு, 1.8டில ரெண்டுமே உண்டு, தப்பா வந்தா திருப்பி அனுப்பற கப்பல் செலவுல ஒரு டயர் வாங்கிரலாம்.

இன்ஜெக்டர் (பெட்ரோல் பீச்சறது): 400 குதிரைக்கு மணிக்கு 220 பவுண்டு பெட்ரோல், நாலா பிரிச்சா 55, 80 சதவீதத்துக்கு மேல தொறக்க விடக்கூடாதுன்னா 69, அது நிமிஷத்துக்கு 720 சிசி சொச்சம். 750க்கு கீழ பாக்காத.

டேங்க்லேந்து பெட்ரோல் தள்ளற பம்ப்ல எல்லாரும் ஒரே தப்பத்தான் பண்றாங்க. 220 பவுண்டுன்னா மணிக்கு 135 லிட்டர், டப்பா மேல 255 லிட்டர்னு போட்டுருக்கு, ரெட்டிப்பு இருக்குன்னு நெனச்சுக்கறாங்க. அந்த 255 கம்மி பிரஷர்ல அளந்தது. உனக்கு இன்ஜெக்டர் ரெயில்ல (பெட்ரோல் வந்து நிக்கற குழாய்) 3 பார், அதோட பூஸ்ட் 2.1, மொத்தம் 5.1 பார்ல பம்ப் தள்ளணும், அங்க அது எவ்ளோ தள்ளுதுன்னுதான் பாக்கணும். பழைய ஒயர்ல 12 வோல்ட் கூட போய் சேரலன்னா அதுவும் இல்ல. பேட்டரிலேந்து நேரா தடிச்ச ஒயர் இழு.

பிப்ரவரி 12, சாயங்காலம்

"சிப் போட்டா (எஞ்சின் கம்ப்யூட்டர மட்டும் மாத்துனா) 400 வருமா"ன்னு ஒருத்தர் கீழ கேட்டுருக்கார். வரும். பேப்பர்ல.

பிப்ரவரி 19

எண்ண லைன் பத்தி தனியா எழுதணும்னு இருந்தேன், ஏன்னா நான் வாங்குன அடி அங்கதான்.

2019ல டர்போ மாட்டி ரெண்டாவது வாரம். ராபோட்ல (ட்ராஃபிக் லைட்) நிக்கறப்பெல்லாம் பின்னாடி நீலப் பொக, பச்ச விழுந்து கெளம்பினா ஒரு மேகமே வருது, பின்னாடி இருந்த டாக்சிக்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுட்டான். டர்போ சீல் போச்சுன்னு முடிவே பண்ணிட்டேன், புது டர்போ, ஒரு மாச சம்பளம். திருப்பி அனுப்ப டப்பாவெல்லாம் எடுத்து வெச்சாச்சு.

இங்க டர்பன்ல, சாட்ஸ்வொர்த்ல ஒரு பெரியவர் இருக்கார், வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டுலதான் வேல. தமிழ் அவங்க ஆயா பேசுனது கொஞ்சம் மிச்சம் இருக்கு, பாதி இங்கிலீஷ்தான், ஆனா என்ன பாத்தா தமிழ்லதான் ஆரம்பிப்பார். கார கீழேந்து ஒரு தடவ பாத்தார், டர்போவ தொடவே இல்ல. டர்போலேந்து சம்புக்கு (எஞ்சின் அடியில இருக்கற எண்ணத் தொட்டி) எண்ண எறங்கற ரப்பர் ஹோஸ ரெண்டு விரலால புடிச்சு காட்டினார். வளைவுல அது தட்டையா மடிஞ்சு கெடந்துச்சு. குளுந்தப்ப வட்டமாத்தான் இருக்கும், சூடாக சூடாக மெத்துனு ஆகி மடங்கும். "தம்பி, எண்ண போற வழி தெறந்து வெய்யி, அது கீழ போவும்"னார். அவ்ளோதான்.

விஷயம் என்னன்னா டர்போக்குள்ள எண்ண பிரஷரோட வருது, ஆனா வெளிய போறது சும்மா தன் எடையில வழிஞ்சுதான். வழி அடச்சா உள்ள தேங்கும், தேங்குனா சீல தாண்டி எக்ஸாஸ்ட்டுக்கு போகும். சீல் மேல ஒரு குத்தமும் இல்ல. அதனால எறங்கற ஹோஸ் உள் அளவு 16 மில்லிமீட்டராவது இருக்கணும், எங்கயும் மேல ஏறி எறங்கக்கூடாது, டர்போ நிக்கற கோணமும் செங்குத்துலேந்து 35 டிகிரிக்குள்ள இருக்கணும். பால் பேரிங் டர்போன்னா எண்ண வர்ற பக்கம் அளவா விட 1 மில்லிமீட்டர் ஓட்டை போட்ட ரெஸ்ட்ரிக்டர். நான் அதையும் போடல, அது வேற கத.

டப்பாவ அப்புறம் பொண்ணு பொம்ம வீடாக்கிட்டா.

மார்ச் 2

கியர்பாக்ஸ். சிட்டி கோல்ஃப் கூட வந்த 020 கியர்பாக்ஸோடயே 1.8டி ஓடுதுன்னு எழுதிருக்க, அத படிச்சதும் வயித்துல புளி கரச்சிருச்சு. அதுல டிஃபரன்ஷியலோட (ரெண்டு சக்கரத்துக்கும் ஓட்டத்த பிரிச்சு குடுக்கறது) பெரிய பல்சக்கரத்த ரிவெட் அடிச்சுதான் புடிச்சுருக்காங்க. ரிவெட் தலை ஒன்னு தெறிச்சா சுத்தி சுத்தி வந்து உறையவே ஓட்ட போட்டுரும், எண்ண மொத்தமும் ரோட்ல. 400 குதிரைக்கு செஞ்ச பெட்டி இல்ல அது. 02ஜே கியர்பாக்ஸ் மாத்து, அதுலயும் ரிவெட்ட எடுத்துட்டு போல்ட் போடு, முடிஞ்சா லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுத்தாம பாத்துக்கறது) ஒன்னும். 850 கிலோ கார், முன் சக்கர ஓட்டம், அது இல்லாம 400 குதிரங்கறது டயர் கடைக்காரருக்கு நாம பண்ற தர்மம்.

பிரேக்கும். மார்க் 1ல முன்னாடி இருக்கறது 239 மில்லிமீட்டர் தட்டு. 280 போடு. குதிரைக்கு காசு இருக்கு, பிரேக்குக்கு காசில்லங்கறவங்க கிட்ட நான் டர்போ பத்தி பேசறதில்ல. எஞ்சின் நம்பர் மாறுனத பதிவுலயும் ஏத்திரு, போலீஸ் கிளியரன்ஸ் வேணும், இன்சூரன்ஸ்காரன் மொதல்ல பாக்கறது அதத்தான்.

மார்ச் 15

கேள்வி கேட்ட தம்பி எழுதுனத அப்படியே போடறேன்: "அண்ணா, பூஸ்ட் சென்சார் போச்சு போல. எஞ்சின் ஆஃப், சாவி மட்டும் போட்டு ஸ்கேனர்ல பாத்தா 830 மில்லிபார்தான் காட்டுது. வெளிக்காத்து 1010 காட்டணும்ல? புது சென்சார் வாங்கி மாட்டினேன், அதுவும் 830. ரெண்டுமே டூப்ளிகேட்டா?"

830ஆ?

டேய், நீ எங்கடா இருக்க?

மார்ச் 15, அர மணி நேரம் கழிச்சு

லெனேஷியாவாம். ஜோஹானஸ்பர்க். கடல் மட்டத்துலேந்து சுமார் 1600 மீட்டர் மேல. ரெண்டு சென்சாரும் நல்லாத்தான் இருக்கு, உன் ஊர் காத்துதான் அவ்ளோ.

ஒரு மாசமா நான் டர்பன்ல உக்காந்துக்கிட்டு டர்பன் காத்துல கணக்கு போட்டு குடுத்துருக்கேன். இதுல என் மேல எனக்கே கோவம் என்னன்னா, மொதல் கேள்வியிலயே "93 பெட்ரோல்"னு எழுதிருக்கான். இங்க நான் போற காராஜ் (பெட்ரோல் பங்க்) எதுலயும் 95தான், 93 மேட்டு ஊர் சமாச்சாரம். கண்ணு முன்னாடி இருந்துச்சு, படிச்சேன், பதிலும் எழுதிட்டேன்.

மார்ச் 16

பிப்ரவரி 11 எழுதுனதுல 3.3ங்கறத எல்லாரும் அடிச்சுருங்க. லெனேஷியாவுக்கு அது செல்லாது.

வேணுங்கற காத்து அதேதான், 44 பவுண்டு. மேனிஃபோல்டுல வேணுங்கற 45 பிஎஸ்ஐயும் அதேதான், எஞ்சினுக்கு ஊர் தெரியாது. ஆனா கம்ப்ரசர் வாயில வர்றது 14.7 இல்ல, 12தான், ஃபில்டர் போக 11.5. அப்ப 47ஐ 11.5ஆல வகுத்தா 4.1 மடங்கு. ஜிடி3076ஆர் வரைபடத்துல அந்த புள்ளிய வெக்க இடமே இல்ல, காகிதத்துக்கு வெளிய போகுது. அங்க ஓட்டணும்னா டர்போ சக்கரம் வேகம் மீறி சுத்தும், காத்து வெந்நி மாதிரி வரும், ஒரு நாள் சத்தமில்லாம ஷாஃப்ட் போகும். இடம் இருக்கு, எடுத்து முடின்னு சொன்னேன் பாரு, அந்த வாய்க்கு.

அப்ப மாமா பையன் ஜிடி35 சரியான்னா, அதுவும் இல்ல. பெரிய கம்ப்ரசருக்கு அந்த காத்தளவு பெருசில்ல, ஆனா மேட்டுல எக்ஸாஸ்டும் மெலிசு, கே03 கூட அங்க லேட்டாத்தான் முழிக்கும், ஜிடி35 1.8 மேல ஐயாயிரம் வரைக்கும் தூங்கும். தினமும் வேலைக்கு ஓட்டற கார்.

உண்மைய சொன்னா லெனேஷியால 1.8ல, பங்க் பெட்ரோல்ல, 400ங்கறது ரோட்டு கார் வேல இல்ல. 330னு வெச்சுக்கோ, 92.8 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி எறங்கற தூரம்) கிராங்க் போட்டு எஞ்சின 2 லிட்டர் கிட்ட கொண்டு வா. எப்படியும் ராடுக்கு எஞ்சின் தொறக்கற, அதோட அதும் ஆயிரும். அப்ப காத்து 36 பவுண்டு, அழுத்தம் 3.1 மடங்கு. அந்த புள்ளிக்கு காரெட் கம்பெனியோட ஜி25-550 டர்போ வரைபடத்துல நல்லாவே இடம் இருக்கு, மேல் விளிம்ப தொடல, சீக்கிரமும் எழும்பும். இன்ஜெக்டர் அதே 750 இருக்கட்டும், வாங்கிட்டேங்கற.

மார்ச் 18

இதெல்லாம் எனக்கு தெரியாம இல்ல, அதான் வெக்கம். 2021 டிசம்பர்ல என்3 ஹைவேல டர்பன்லேந்து ஜோஹானஸ்பர்க் போனேன் இதே கார்ல. அப்ப கையால திருப்பற பூஸ்ட் கண்ட்ரோலர், 1.1 பார்ல வெச்சுருந்தேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல டவுன் ஹில்ங்கற மலை ஏத்தத்துல கார் புலி. வான் ரீனன் கணவாய் தாண்டினதும் அதே கேஜ், அதே 1.1, ஆனா கார்ல உசுரு இல்ல, லாரிய முந்த மூணாவதுக்கு எறக்க வேண்டி இருந்துச்சு. கேஜ் ஒடஞ்சிருச்சோன்னு தட்டி பாத்தேன், நானும்தான்.

கேஜ் காட்டறது வெளிக்காத்துக்கு மேல எவ்ளோங்கறது மட்டும்தான். கீழ 1.1 கூட 1.01, மொத்தம் 2.1. மேல 1.1 கூட 0.83, மொத்தம் 1.93. பூஸ்ட கட்டுப்படுத்தற வேஸ்ட்கேட் ஸ்பிரிங்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பூஸ்ட் எழும்பறதுக்கு முன்னாடியோ எஞ்சின் வெறும் வெளிக்காத்த நம்பித்தான் இருக்கு, அங்க 18 சதவீதம் கொறச்சல். கம்பெனி கம்ப்யூட்டரோ வேற மாதிரி, அது மொத்த அழுத்தத்த பாத்து, கொறஞ்சத டர்போவ கூட சுத்த விட்டு ஈடு கட்டப் பாக்கும். அதனால மேட்டுல சின்ன டர்போ சீக்கிரம் சாகுதுன்னா ஒரு காரணம் இதுதான்.

மார்ச் 18, பின்குறிப்பு

93 பத்தி. "மேட்டு ஊர்ல 93 போதும், காத்து கம்மி, நாக் ஆகாது (பெட்ரோல் நேரம் தப்பி தானா வெடிக்காது)"ன்னு காராஜ்ல பெட்ரோல் போடற பையன் வரைக்கும் சொல்வான். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது சரிதான், சிலிண்டர்ல காத்து கம்மியாத்தான் போகுது. நீ டர்போ வெச்சு அந்த காத்த திருப்பி உள்ள அடைக்கற, அப்புறம் மேட்டு ஊர் சலுக உனக்கு எதுக்கு? 9.5 கம்ப்ரஷன், சூடான காத்து, 95க்கு கீழ போடாத. பிளக் ஒரு படி குளிர்ந்தது, இடைவெளி 0.7.

ஏப்ரல் 9

தம்பி ஈஸ்டருக்கு குடும்பத்தோட எறங்கி வந்தான், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு. மொத தடவ நேர்ல பாத்தேன். கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி, ஒரு ஆயா வீட்டு வாசல்ல கார விட்டுருந்தான், ஆயா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து வண்டிய எப்ப எடுப்பீங்கன்னு கேக்கறாங்க, பிள்ளைங்க பின் சீட்ல மஞ்சத் துணியோட தூங்குதுங்க. பானெட்ட தூக்கறதுக்கு முன்னாடியே ஸ்கேனர மாட்டுடான்னேன். சாவி மட்டும். 1012.

அவன் அந்த நம்பரையே பாத்துக்கிட்டு இருந்தான். "புது சென்சார் வேற வாங்கிட்டேண்ணா"ன்னான்.

கீழ எறங்க எறங்க கார் தானா வேகமாச்சாம், ஹாரிஸ்மித் தாண்டினதும் பெட்ரோல் நல்லதுன்னு நெனச்சுக்கிட்டானாம்.

020 கியர்பாக்ஸ் இன்னும் உள்ளதான் இருக்கு. திட்டினேன்.

ஏப்ரல் 21

கடைசியா ஒன்னு, இதுக்குத்தான் ரெண்டு மாசமா இத்தன எழுதினோமான்னு ஆயிடுச்சு.

மாமா பையனோட 400 குதிர ஷீட்ட ஃபோட்டோ எடுத்து அனுப்புனான். டைனோ (குதிர அளக்கற மெஷின்) பேப்பர், சட்டம் போட்டு சுவத்துல மாட்டிருக்கான், கண்ணாடில ஃபிளாஷ் அடிச்சு பாதி தெரியல. பெருசா 402. கீழ ஓரத்துல பொடி எழுத்துல திருத்தம் 1.21.

அந்த திருத்தம் என்னன்னா, மேட்டுல காத்து கம்மிங்கறதால டைனோ கம்ப்யூட்டர் "கடல் மட்டத்துல இருந்தா இவ்ளோ வந்துருக்கும்"னு பெருக்கி குடுக்கறது. டர்போ இல்லாத காருக்கு சரியா இருக்கும். டர்போ காருக்கு அது ரெட்ட சம்பளம், ஏன்னா கொறஞ்ச காத்துல பெரும்பகுதிய டர்போ ஏற்கனவே ஈடு கட்டிருச்சு. 402ஐ 1.21ஆல வகுத்தா 332. அவன் கேஜ்ல 1.5 பார் வெச்சு ஓட்டறானாம், அப்ப மேல மொத்தம் 2.33, கீழ வந்தா 2.51, ஏழெட்டு சதவீதம்தான் கூடும். டர்பனுக்கு ஓட்டிட்டு வந்தாலும் 360 தாண்டாது.

அதாவது தம்பி, நான் போன மாசம் உனக்கு சொன்ன 330தான் உன் மாமா பையன் கார். ஜி25-550 ஆர்டர் போட்டாச்சுன்னு நேத்து எழுதிருந்த. நல்லது. உன் ஷீட்ட எடுக்கறப்ப திருத்தத்த ஆஃப் பண்ண சொல்லு.

சட்டத்த கழட்டுனானான்னு கேட்டேன். ப்ளூ டிக் விழுந்துருக்கு, பதில் வரல.